ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

குழித்துறையில் ஃபேன், மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு கடைக்குள் நுழைந்ததும் வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறுகிறது. சுவரோரம் இறக்கைகள் மூன்று மூன்றாகச் சணல் கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. கம்பெனியில் எடை பார்த்துச் சேர்த்து அனுப்பும் மூன்றையும் பிரிக்கக் கூடாது. வெள்ளையடிக்கக் கழற்றும்போது எல்லா ஃபேன் இறக்கைகளையும் ஒன்றாகக் குவித்துவிட்டு, பிறகு கைக்கு வந்ததை மாட்டுகிறார்கள். பல வீடுகளில் ஃபேன் ஆட்டம் தொடங்குவது அன்றைக்குத்தான்.

ஆடும் ஃபேன் ஒன்றைப் பார்க்க, அந்தக் கடை மெக்கானிக் அண்ணனோடு ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குப் போனேன். கூரைக்குக் கீழே மரத்தட்டு. அதன் ஆஞ்சிலி உத்திரத்தில் கிளாம்ப் போட்டு ஃபேனைத் தொங்கவிட்டிருந்தார்கள். "தலையில விழுந்திருமோ மக்கா?" என்றார் வீட்டம்மா. அண்ணன் பதில் சொல்லாமல் சுவிட்சைப் போட்டு, அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு மெயினை அணைத்து ஏணியில் ஏறினார். முதலில் தொட்டது கிளாம்ப் போல்ட்டை. வெயில் காலத்தில் மரம் சுருங்கினால் அது இளகும். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில் துருவும் சேர்ந்துகொள்ளும். அடுத்து கப்பை இறக்கி, ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா, ராடு போல்ட்டின் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஆடும் ஃபேன் கீழே விழாமல் காப்பது அந்தச் சின்னக் கம்பிதான். அது இல்லாமல் எத்தனை வீடுகளில் ஃபேன் சுற்றுகிறதோ என்று நினைக்கவே பதறியது.

எல்லாம் சரியாக இருந்தது. ஒரு கம்பைத் தட்டோடு ஒட்டி நிறுத்தி, இறக்கை நுனி வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அதே இடத்துக்கு அடுத்த இறக்கையைத் திருப்பிக் கொண்டுவந்தார், கோட்டில் நின்றது. மூன்றாவது ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது.

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல அம்மா, எறக்கையாக்கும் கேடு. தொடைக்கும்போ புடிச்சு இழுத்திருக்கு."

1200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் ஓர் இறக்கையின் நுனியில் 10 கிராம் கூடினால், ஏறக்குறைய 800 கிராம் எடை தொங்குகிற அளவுக்கு வெளிப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு நொடிக்கு ஆறு தடவை திசை சுற்றி வருகிறது. தாழ்ந்த இறக்கையின் வளைந்த தண்டை அண்ணன் உள்ளங்கையால் மெல்ல நிமிர்த்தினார். மிச்சமிருந்த ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் நாணயத்தை ஒவ்வோர் இறக்கையின் மேலும் மாற்றி மாற்றி டேப்பால் ஒட்டி ஓடவிட்டார். ஆட்டம் அடங்கிய இடத்தில் நாணயம் அப்படியே நின்றுவிட்டது.

2023 முதல் சீலிங் ஃபேனுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன்கள் வந்தபின் காயில் கட்டும் வேலை குறைந்துவருகிறது. அவற்றில் மின்னணு போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டியதுதான். ஆட்டத்துக்கோ பழசு, புதுசு என்ற பேதம் இல்லை.

கூலியில்தான் தகராறு வருகிறதாம். "பார்ட்ஸ் ஒண்ணும் மாத்தலியே" என்பார்களாம். கேடில்லாத மோட்டாரைத் தூக்கி எறியாமல் காப்பாற்றியதற்கே இரட்டிப்பாகக் கொடுக்கலாம் என்பேன். வீட்டம்மா பேரம் பேசவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, மாடியறை ஃபேனையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.