கை பழகிய இடம்

வளைகுடாவில் பதினைந்தாண்டுகள் ஆட்டோகேடில் வரைபடம் வரைந்தவன் நான். செம்பாக்கம் திரும்பி, ஓர் அலுவலகத்தில் வேலைக்கான தேர்வுக்கு அமர்ந்தபோது திரையைக் கண்டு திகைத்தேன். கை பழகிய கருவிப்பட்டைகளைக் காணோம்! மேலே அகன்றதொரு பட்டை. அதில் அறிமுகமற்ற சின்னங்கள். 2009ஆம் பதிப்பிலேயே வந்த மாற்றமாம். 2015ஆம் பதிப்போடு பழைய 'கிளாசிக்' தோற்றமும் போய்விட்டது. எங்கள் நிறுவனமோ கடைசிவரை பழையதையே வைத்திருந்தது. சின்னங்களைத் தேடியே நேரம் கரைந்தது, வேலை கிட்டவில்லை.

"அத்தா, எழுத்தைத் தட்டிப் பாருங்கள்" என்றாள் கட்டடக்கலை பயிலும் மகள். 'எல்' தட்டினேன், கோடு வந்தது. 'டி.ஆர்.' தட்டினேன், மிகுந்த கோட்டை வெட்டியது. கட்டளைகள் மாறவில்லை, சுட்டியையே நம்பியிருந்த நான்தான் அவற்றைக் கற்கவில்லை. 'மெனுபார்' எனத் தட்டி 1 கொடுத்ததும் பழைய பட்டியல்கூடத் திரும்பிற்று.

வியாழனன்று அடுத்த தேர்வு. மகள் எழுதித் தந்த இருபது கட்டளைகள் சட்டைப்பையில் இருக்கின்றன.