பட்டறைக்குச் செல்லும் படம்

உருளை ஒன்றை மேசைமேல் நிறுத்தி மேலிருந்து நோக்கினால் வட்டம் தெரியும். கூம்பை அவ்வாறு நோக்கினும் வட்டமே. பந்தை நோக்கினும் வட்டமே. வட்டம் ஒன்றை மட்டும் வரைந்து, 'இதனைச் செய்து தருக' என்று பட்டறைக்கு அனுப்பினால் கடைசல்காரர் எதனைச் செய்வார்? ஓவியர் ஒளியும் நிழலும் தீட்டி உருவத்தை விளக்கிவிடுவார். ஆனால் ஓவியத்தில் தொலைவிலுள்ளது சிறுத்துவிடும்; அதனை அளந்து இரும்பை வெட்ட இயலாது.

இவ்விடரை நீக்கும் முறையை ஒழுங்குற வகுத்தவர் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் காசுபார் மோஞ்சு. அவர் 1746ஆம் ஆண்டில் போன் என்னும் ஊரில் எளிய வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மெசியேர் நகரிலிருந்த படைப் பொறியியற் பள்ளியில், உயர்குடிப் பிறப்பு இன்மையால், அதிகாரிகளாகும் மாணவரோடு அமர அவருக்கு இடம் கிடைக்கவில்லை. படம் வரையும் பணியே கிடைத்தது. ஒருமுறை, பகைவரின் குண்டுக்கு இலக்காகாதவாறு கோட்டையை அமைக்கும் கணக்கு அவரிடம் தரப்பட்டது. நெடிய எண்கணக்கால் போடவேண்டிய அதனை அவர் கோடுகளாலேயே விரைந்து முடித்தார். அதிகாரி விடையைப் பார்க்கவே மறுத்தார். கணக்கிடுவதற்குரிய காலமே ஆகவில்லையே என்பது அவர் வாதம்! பின்னர்ப் பார்த்தார், விடை சரியாகவே இருந்தது. அம்முறை நெடுங்காலம் படைத்துறையின் மறைபொருளாக இருந்தது. 1795ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நிகழ்த்திய விரிவுரைகளில்தான் மோஞ்சு அதனை வெளிப்படையாகக் கற்பித்தார்.

பொருளுக்குப் பின்னே ஒரு சுவரும், கீழே ஒரு தரையும் இருப்பதாகக் கொள்க. முன்னிருந்து காணும் தோற்றத்தைச் சுவரிலும், மேலிருந்து காணும் தோற்றத்தைத் தரையிலும் வரைக. பிறகு தரையைக் கீழ்நோக்கி மடித்துச் சுவரோடு ஒரே தளமாக்குக. முகப்புத் தோற்றத்திற்கு நேர் கீழே மேல்தோற்றம் வந்து நிற்கும். இப்பொழுது உருளைக்கு வட்டமும் நீள்சதுரமும், கூம்புக்கு வட்டமும் முக்கோணமும், பந்துக்கு இரண்டும் வட்டமாய் அமையும். இந்தியாவில் பெரும்பாலும் இவ்வாறே வரைவர். அமெரிக்காவிலோ மேல்தோற்றத்தை மேலேயே வரைவர். எம்முறை என்பதைத் தாளில் குறியிட்டுக் காட்டாவிடின், இடப்பக்கத் துளை வலப்பக்கத்தில் விழுதலும் உண்டு.

மாணவர் பெரிதும் தவறுவது அளவு குறிப்பதில்தான். தெளிவு கருதி ஒரே அளவை இரண்டு இடங்களில் எழுதுவர். பின்னர் ஓரிடத்தில் 40 மி.மீ. என்பதை 42 எனத் திருத்துவர், மற்றதை மறந்துவிடுவர். பட்டறையில் நிற்பவர் எதனை நம்புவார்? வரைந்தவர் அருகில் இல்லையே!

இன்று கணிப்பொறியே தோற்றங்களை விரித்துத் தருகிறது. எனினும் 20 மி.மீ. துளையில் 20 மி.மீ. தண்டு சுழலவேண்டுமா, இறுகவேண்டுமா என்பதை அது தானாக அறியாது. சுழலவேண்டுமாயின், தண்டு 19.96 முதல் 19.98 மி.மீ. வரை இருக்கலாம் என்பதுபோல் வரைபவர்தாம் எழுதவேண்டும்.