தெளிவு வேறு, சுத்தம் வேறு

இரத்மலானையில் ஒரே அறையில் நாலு பேர் இருக்கிறோம். நாங்கள் மூன்று பேர் கலைப்பீடம், ஒருத்தன் மட்டும் விஞ்ஞானபீடம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்த நேரம், பக்கத்து ஒழுங்கையில் சைக்கிள் திருத்துகிற அங்கிளோடு கதைத்துக்கொண்டு நின்றோம். மெதனோல் கலந்த சாராயம் குடித்து அங்கே 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அங்கிள் பயப்படவே இல்லை. "அது கலப்படச் சாமான் தம்பி. நான் குடிக்கிற கசிப்பு ரெண்டு தரம் வடிச்சது. போத்திலைத் தூக்கிப் பாருங்கோ, தண்ணி மாதிரி இருக்கும்."

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வடித்தால் சுத்தமாகும் என்றுதானே ஓ/எல் வரைக்கும் படித்தோம்? அறைக்கு வந்து விஞ்ஞானபீடத்தானைப் பிடித்தோம்.

அவன் முதலில் கேட்டது, "எதுக்குச் சுத்தம்?" லேபில் ஒரு கரைப்பானைச் சுத்தமாக்குவதென்றால், அதில் என்ன அழுக்கு இருக்கிறது, எந்த வேலைக்கு அது வேணும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். எதனோலையும் தண்ணீரையும் எத்தனை தரம் காய்ச்சி வடித்தாலும், நிறைப்படி ஏறக்குறைய 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் இரண்டும் ஒன்றாகவே ஆவியாகும். மிச்சத் தண்ணீரை எடுக்க, தண்ணீரை மட்டும் பிடித்துவைக்கும் நுண்துளை மணிகளைப் போடுவார்கள். ஈதரை வடிக்கிறபோது பாத்திரம் வற்றும்வரை விடவே கூடாது. பழைய ஈதரில் சேர்ந்திருக்கிற பேரொட்சைட்டு அடியில் செறிந்து வெடிக்கும். குளோரோபோமை உலர்த்த சோடியம் போட்டாலும் வெடிதான். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு முறை கிடையாது.

"அப்ப அங்கிளின்ர போத்தில்?"

மெதனோல் 64.7 பாகையிலும் எதனோல் 78 பாகையளவிலும் கொதிக்கும். உயரமான நிரல் வைத்துப் பகுதிபட வடித்தால் பிரிக்கலாம். வெறும் பானையிலும் குழாயிலும் வடித்தால் இரண்டும் கலந்தே வரும். முதலில் வருவதைக் கொட்டிவிட்டாலும் முழுக்கப் போகாது. அதைவிட, சீனியைப் புளிக்க வைத்தால் மெதனோல் மிகக் குறைவாகத்தான் உண்டாகும். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் வடித்து முடித்த பிறகு யாரோ ஊற்றும் தொழிற்சாலை மெதனோல். அதுக்கும் நிறமில்லை. மணமும் கிட்டத்தட்ட அதே மாதிரித்தான். பிறகு எத்தனை தரம் வடித்தோம் என்று சொல்லி என்ன பயன்?

உடம்புக்குள் போனால் ஈரல் அதைப் போமிக் அமிலமாக மாற்றும். அது பார்வை நரம்பைத் தாக்கும். குடித்தவுடன் தெரியாது, பல மணித்தியாலம் கழித்துத்தான் கண் மங்கும். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த மாற்றத்தைத் தடுக்க மருந்து இருக்கிறது.

அடுத்த நாளே போய் அங்கிளிடம் எல்லாம் சொன்னோம். சிரித்தார். "அப்ப உங்கட லேபில வடிச்சுத் தாங்கோவன்" என்றார். எங்களுக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது. குடிக்கிற மனிசனுக்குக் கொதிநிலை சொல்லிக்கொடுக்கப் போன எங்களைச் சொல்லவேணும்.

இரண்டு கிழமை கழித்து, டியூப் ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல் அவராகவே கேட்டார். "கண் மங்கினா உடன போகவேணும் எண்டனீங்கள். எங்க போறது?"

களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட என்றோம். அம்புலன்ஸுக்கு 1990, காசில்லை. குடியை விடுங்கோ என்று இன்னொரு தரம் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய சோக்கையே வாங்கி, காற்றடிக்கிற பம்புக்கு மேலே சுவரில் 1990 என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தோம்.

இன்னும் அழிக்கவில்லை.