ஏழாவது கை

கல்லிடைக்குறிச்சியில் நண்பருடைய பூர்வீக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறரை. வெயில் ஏறினால் ஓடு காலைச் சுடும் என்று ஆட்கள் அதற்குள் மேலே ஏறியிருந்தார்கள். வைகாசி கடைசி. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பொதிகைப் பக்கமிருந்து சாரல் இறங்கிவிடும். அதற்கு முன்னால் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

வேலைக்காரர் அறுபதைத் தாண்டியவர். எடுபிடிக்கு மகன். இரண்டு பேர் காலிலும் செருப்பில்லை. நானும் ஏறுகிறேன் என்றதும் பெரியவர் என் பாதத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"ஓட்டு நடுவுல மிதிக்கப்பிடாது சார். ஓடும் ஓடும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்குல்லா, அங்கன கால வைங்க. அடியில ரீப்பர் தாங்கிக்கிடும்."

நாலாவது எட்டில் 'படக்' என்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணு" என்று மகனிடம் கணக்குச் சொன்னார்.

நான் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் என் வீட்டு ஓட்டைச் சில வருடங்களுக்கு முன்பு வண்டி கழுவும் பம்பை வைத்துப் பீய்ச்சிக் கழுவச் செய்தேன். கூரை புதுச் செங்கல்போல மின்னியது. தெருவில் நாலு பேர் விசாரித்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த மழையில், என் வீட்டில் அண்டா, வாளி, குத்துப்போணி எல்லாம் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். சுட்ட மண்ணுக்கு மேலே ஒரு தோல் உண்டு. பம்புத் தண்ணீர் அதை உரித்துவிடும். உரிந்த ஓடு தண்ணீரைக் குடிக்கும், கனக்கும், அடுத்த வருடம் இரண்டு மடங்கு பாசி பிடிக்கும். மழை மேலிருந்து கீழே ஓடுவதற்காகத்தான் ஓட்டை அடுக்கியிருக்கிறது. பம்புக்காரன் கீழே நின்று மேல்நோக்கிப் பீய்ச்சினால் குப்பையெல்லாம் ஓட்டிடுக்குக்குள் போய் அடையும்.

"ஓடு ஒடஞ்சு ஒழுகுதது கொஞ்சம் சார். குப்பை அடைஞ்சு ஒழுகுததுதான் ரொம்ப."

அவர் கையில் இருந்த ஆயுதங்கள் இரண்டுதான்: தும்பு வாரியல் ஒன்று, மூங்கில் பத்தை ஒன்று. காய்ந்த பாசியைப் பத்தையால் நெம்பினால் அப்பளம்போல் கழன்று வருகிறது (கீழே தெருவில் நிஜ அப்பளமே காய்ந்துகொண்டிருந்தது). ஈரப் பாசியை அவர் தொடவில்லை, இன்னும் ரெண்டு நாள் காயட்டும் என்று விட்டுவிட்டார். வாரியல் மேலிருந்து கீழாக மட்டும் போனது. கறுப்புத் தழும்புகளைக் காட்டி, இது போகாதா என்றேன். "கெடந்துட்டுப் போவுது. மனுசனுக்குத் தேமல் வரலியா?"

சந்தேகப்பட்ட ஓட்டை விரல்முட்டியால் தட்டிப் பார்க்கிறார். கணீர் என்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அப்படி எடுத்த ஒன்றைப் புரட்டினால் பாசல் மிஷன், 1865 என்று புடைப்பெழுத்து. நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் கெடுத்தேன்: அது மங்களூரில், நேத்ராவதிக் கரையில், ஜெர்மானியப் பாதிரிமார் முதல் ஆலை தொடங்கிய வருடம். பிறகு செய்த ஓடுகளிலும் அதே வருடத்தை அச்சிட்டார்கள். முதல் உலகப் போரில் ஆலைகள் கைமாறின. ஆக, இந்த ஓட்டுக்கு நூறு வயது தாண்டியிருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம். நண்பர் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

பின்கட்டில் மாட்டுத்தொழுவத்துக்கு மட்டும் நாட்டு ஓடு. சக்கரத்தில் குழாயாக வனைந்து, நெடுக இரண்டாகப் பிளந்து சுட்டது. காருகுறிச்சி என்றால் ஊருக்கெல்லாம் அருணாசலத்தின் நாகசுரம் ஞாபகம் வரும். எனக்குக் குளத்து மண்ணில் வனையும் பானை. அந்தப் பானையின் உறவுதான் இந்த ஓடும். ஆணி கிடையாது, கொக்கி கிடையாது, மல்லாந்தும் கவிழ்ந்தும் ஒன்றையொன்று அணைத்துக் கிடக்கிறது. அதனால் ராத்திரி மரநாய் ஓடினால் நகரும், முண்டந்துறைக் காட்டிலிருந்து இறங்கும் குரங்கு குதித்தால் நொறுங்கும். மாற்று ஓட்டுக்கு எங்கே போவீர்கள் என்றேன். இடிக்கிற வீடாகப் பார்த்துப் போவாராம்.

மோட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்புக் காரைதான் பூசினார். சிமெண்ட் மரத்தோடு சேர்ந்து அசையாது, வெடித்துவிடும் என்றார். என் வீட்டில் சிமெண்ட். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு என்னைக் கீழே இறக்கி மச்சுக்குள் அனுப்பினார்கள். கதவைச் சாத்தி இருட்டில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் சொல்ல வேண்டும். வெளிச்சம் எங்கும் இல்லை. மகன் மோட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். தலைக்கு மேல் மழைச் சத்தம். என் தோளில் ஒரு சொட்டு.

"விழுது அண்ணாச்சி!"

"எந்தக் கையில?"

சாய்ந்து இறங்கும் கைமரத்தை இவர்கள் கை என்றே சொல்கிறார்கள். எண்ணினேன்.

"கிழக்கே இருந்து ஏழாவது."

மேலே பாதம் நகர்ந்தது. ஓடு ஒன்று தூக்கப்பட, மச்சுக்குள் ஒரு முழத்துக்கு வெயில் விழுந்தது. அதில் பெரியவரின் கை நீண்டது, விரலிடுக்கில் ஒரு சிட்டிகை மக்கிய வேப்பிலை.

"ஓடு நல்லாத்தான் இருக்கு" என்றார்.