பெயரில்லாத வேலைக்காரன்

'கிங் லியர்' நாடகத்தில் ஒழுங்கு குலைந்து கடைசியில் மீள்கிறது என்று எழுதினால் பி.ஏ. பரீட்சையில் மதிப்பெண் கிடைத்தது. 1943-ல் வந்த டில்யார்டின் புத்தகம் நோட்ஸ் வழியாக எங்களை எட்டியிருந்தது. ராஜா ராஜ்யத்தைத் துண்டு போட்டான், அதனால் புயல், அதனால் பைத்தியம். நெடுநாள் நானும் இதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நாடகத்தில் ஒழுங்குக்காக வாதாடுகிறவள் கானரில். அப்பாவின் 100 வீரர்கள் வீட்டைச் சாராயக்கடை ஆக்கிவிட்டார்கள் என்கிறாள். பொய் என்று தள்ளிவிட முடியாது. 1962-ல் பீட்டர் புரூக் மேடையேற்றியபோது அவர்களை நிஜமாகவே ரகளைக்காரர்களாகக் காட்டினார். 100 பேர் 50 ஆகி, 25 ஆகி, 10, 5 என்று இறங்கி, ஒருவன்தான் எதற்கு என்று ரீகன் முடிக்கிறாள். கணக்கில் பிழையில்லை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு கிழவரின் பணமெடுக்கும் பாரத்தை நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கை நடுங்குவது கண்ணெதிரே தெரிந்தது. விதிப்படி நான் செய்தது சரி. ரீகனின் கேள்வி வரும் இடத்தில் இப்போதெல்லாம் என் குரல்தான் கேட்கிறது.

அறம் இந்த நாடகத்தில் ஒழுங்கின் பக்கம் இல்லை. க்ளாஸ்டரின் கண்ணை கார்ன்வால் பிடுங்கும்போது வாளை உருவுகிறவன் அவனுடைய சொந்த வேலைக்காரன். சிறுவயது முதல் ஊழியம் செய்தவன். நிறுத்துங்கள் என்று சொல்வதே தான் செய்த ஊழியங்களில் உத்தமமானது என்கிறான். எஜமான்மீது வாளெடுப்பதைவிடப் பெரிய ஒழுங்கீனம் அந்தக் காலத்தில் என்ன இருக்க முடியும்? ரீகன் அவனைப் பின்னாலிருந்து குத்துகிறாள். பிணம் குப்பைமேட்டுக்குப் போகிறது. ஷேக்ஸ்பியர் அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அவன் கொடுத்த காயத்தில் கார்ன்வால் செத்ததைக் கேட்டு, மேலே நீதிபதிகள் இருக்கிறார்கள் என்கிறான் ஆல்பனி. கடைசிக் காட்சியில் அதே ஆல்பனி, தெய்வங்கள் கார்டீலியாவைக் காக்கட்டும் என்கிறான். வாய் மூடுவதற்குள் லியர் அவள் பிணத்தைச் சுமந்து வருகிறான். இதைத் தாங்காமல்தான் 1681-ல் நேஹம் டேட் அவளைப் பிழைக்கவைத்து எட்கருக்குக் கல்யாணமும் செய்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டு அந்த அபத்தம்தான் மேடையில் ஓடியது.

1608 பிரதியில், கண் போன க்ளாஸ்டருக்காக மிச்சமிருக்கும் வேலைக்காரர்களில் ஒருவன் வழிகாட்ட ஆள் தேடப் போகிறான். இன்னொருவன் நாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் போகிறான், காயத்தில் வைக்க. 1623 பிரதியில் இவர்களுடைய பேச்சு இல்லை. புரூக்கும் வெட்டிவிட்டார். அது எனக்குச் சம்மதமில்லை.