விண்மீன்கள் விழுந்த இரவைத் தைத்தவர்

கோடை இரவில் ஒரு மொட்டை மாடி. சீட்டாடும் பெரியவர்கள், விரிப்பில் படுத்திருக்கும் பிள்ளைகள், பாலத்துக்கு மேலே பறக்கும் ஒரு சிறுமி. நடுவே வண்ண ஓவியம், சுற்றிலும் பூப்போட்ட துணித் துண்டுகள், மேலும் கீழும் கையெழுத்தில் கதை. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1988இல் செய்த ‘டார் பீச்’ இது. சுவரில் மாட்டும் படமா, போர்த்திக்கொள்ளும் குவில்ட்டா, படிக்கிற கதையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தப் படைப்பைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. துணியில் இப்படிக் கதை சொல்லும் வழக்கம் இவருக்கு எங்கிருந்து வந்தது?

ரிங்கோல்டிடமிருந்தே தொடங்கினேன். அவர் தன் முதல் குவில்ட்டை 1980இல் தாயார் வில்லி போஸியோடு சேர்ந்து செய்தார். தாயார் ஆடை வடிவமைப்பாளர். அந்தக் குடும்பத்தின் தையல், அடிமைக் காலத்துப் பாட்டி ஒருவர் வரை பின்னோக்கிப் போகிறது. அக்காலத்துப் பெண்கள் எசமானர் வீட்டுக் கட்டிலுக்கும் தைத்தார்கள், தங்கள் பிள்ளைகள் குளிரில் நடுங்காமல் இருக்கவும் தைத்தார்கள். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. மூன்றும் விலகாமல் பிடித்துக்கொள்ள நெடுக ஓடு தையல். தைத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட மிஞ்சவில்லை. பெயரும் துணியும் கதையும் சேர்ந்தே மிஞ்சியவர் யார் என்று தேடினால், எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வந்து நிற்கும் பெயர் ஹேரியட் பவர்ஸ்.

1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். விடுதலைக்குப் பின் ஏதென்ஸ் நகருக்கு அருகே கணவரோடு சிறிது நிலம் வைத்துப் பாடுபட்டார். அவர் கைவேலையில் இன்று நம்மிடம் இருப்பவை இரண்டே குவில்ட்டுகள். 1886இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் வைத்த ‘பைபிள் குவில்ட்’ வாஷிங்டனில் ஸ்மித்சோனியனுக்குச் சொந்தம். 1895க்கும் 1898க்கும் இடையில் செய்த ‘சித்திரக் குவில்ட்’ பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2021 அக்டோபரில் பாஸ்டனில் தொடங்கிய கண்காட்சியில்தான் இரண்டும் முதன்முறையாக ஒரே இடத்தில் சேர்ந்தன. நான் அவற்றைப் பார்த்ததும் அங்கேதான்.

சித்திரக் குவில்ட் இரண்டரை மீட்டருக்கும் அதிக அகலம். வரிசைக்கு ஐந்தாகப் பதினைந்து கட்டங்கள். மனிதர், விலங்கு, விண்மீன் எல்லாம் நிழலுருவங்களாகத் துணியில் வெட்டித் தைத்த அப்ளிக் வேலை. கைத்தையலும் உண்டு, எந்திரத் தையலும் உண்டு. யோபு, யோனா, மோசே, ஆதாம், ஏவாள் என்று வேதாகமக் கதைகள் வரிசையாக வருகின்றன. இடையிடையே வேதாகமத்தில் இல்லாத கட்டங்களும் வருகின்றன. என்னை நகரவிடாமல் நிறுத்தியவை அவைதான்.

ஒரு கட்டம் 1895 பிப்ரவரியின் கடுங்குளிர். ஜெபம் செய்தபடியே உறைந்துபோன பெண், மாவுமூட்டையோடு உறைந்த ஆண், கோவேறு கழுதையின் மூச்சே பனிக்குச்சியாகத் தொங்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. இன்னொன்றில் ஒரு பெண்பன்றி ஓடுகிறது. பெயர் பெட்ஸ். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய, யாருக்கும் அடங்காத பன்றி என்கிறது குவில்ட்டோடு வந்த விளக்கக் குறிப்பு. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வடக்குத் திசை. தப்பி ஓடிய அடிமைகள் பலர் நாடிய திசையும் அதுவே.

நட்டநடுக் கட்டத்தில் விண்மீன்கள் விழுகின்றன. 1833 நவம்பர் 13 இரவு அது. உலகம் முடிந்தது என்று மக்கள் அலற, கடவுளின் கை நீண்டு விண்மீன்களைத் தடுத்து நிறுத்துகிறது. மேல்வரிசையில் இன்னொரு தேதி, 1780 மே 19. நண்பகலில் சூரியன் மங்கி இருட்டியது, மாடுகள் படுத்துவிட்டன, கோழிகள் அடைந்துவிட்டன. இரண்டும் உண்மையில் நடந்தவை. முதலாவது லியோனிட் எரிகல் மழை. யேல் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட் பார்த்தவர்களின் சாட்சியங்களைத் திரட்டி அதை ஆராய்ந்தார். இரண்டாவது நியூ இங்கிலாந்து பகுதியைக் கவிந்த இருட்டு. காட்டுத்தீயின் புகையே காரணம் என்பதற்கு ஒன்டாரியோ மரங்களின் வளர்ச்சி வளையங்களில் பதிந்த தீத்தழும்புகள் சான்று.

1837இல் பிறந்தவர் 1833இன் வானத்தையும் 1780இன் பகலிருட்டையும் எப்படித் தைத்தார்? தேடல் எனக்கு உண்மையில் இங்கேதான் தொடங்கியது.

ஆய்வாளர்கள் பலர் காட்டும் முதல் வழி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. இன்றைய பெனின் நாட்டிலிருந்த தஹோமி அரசின் தலைநகர் அபோமே. அங்கே அரசர்களின் வெற்றிகளைச் சொல்லும் கொடிகளில் இதேபோல் துணியில் வெட்டிய உருவங்கள், சிங்கமும் பறவையும் மீனும், தைக்கப்பட்டன. அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அபோமேயில் இது அரண்மனையைச் சார்ந்த ஆண்களின் குலத்தொழில்; ஜார்ஜியாவில் பெண்களின் வீட்டுவேலை. பவர்ஸின் முன்னோர் எந்தக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள் என்று சொல்லும் ஆவணமும் இல்லை. வெட்டும் விதம் அங்கிருந்து வந்திருக்கலாம். மே 19 என்ற தேதி அங்கிருந்து வந்திருக்க முடியாது.

இரண்டாம் வழி ஜென்னி ஸ்மித். ஏதென்ஸில் ஓவிய ஆசிரியையாக இருந்த வெள்ளையர். பருத்திக் கண்காட்சியில் பைபிள் குவில்ட்டைப் பார்த்து விலைக்குக் கேட்டார். பவர்ஸ் எந்த விலைக்கும் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் கைமுடை வந்தது. பத்து டாலர் கேட்டார் பவர்ஸ். ஸ்மித் ஐந்துதான் தர முடிந்தது. கணவர் சொல்ல, மனமில்லாமல் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டமும் என்னவென்று விளக்கினார், ஸ்மித் எழுதிவைத்துக்கொண்டார். அதன் பிறகும் பலமுறை வந்து தன் குவில்ட்டைப் பார்த்துப் போனார். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் பாதிக் கட்டங்கள் நமக்குப் புதிர்தான். அதே குறிப்புகள்தான் பவர்ஸை எழுத்தறியாத, எளிய, பக்தியுள்ள பெண்ணாக நீண்டகாலம் நிறுத்தியும் வைத்தன.

அந்தச் சித்திரத்தை மாற்றியது ஒரு கடிதம். அயோவா மாநிலத்துப் பெண்மணி ஒருவருக்கு 1896இல் பவர்ஸ் எழுதியது. ஆய்வாளர் கைரா ஹிக்ஸ் அதைத் தேடி எடுத்து 2009இல் தன் நூலில் வெளியிட்டார். தனக்குப் படிக்கத் தெரியும் என்கிறார் பவர்ஸ். தன் குவில்ட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்கிறார். வேதாகமக் கட்டங்களுக்கு அது விடை. வானத்துக்கு?

விடை அவர் ஊர்ச் சனங்களின் பேச்சில் இருந்தது. அடிமைகளின் பிறந்தநாளைப் பெரும்பாலும் யாரும் குறித்துவைக்கவில்லை. விண்மீன்கள் விழுந்த வருஷத்தில் பிறந்தேன், அதற்குச் சற்று முன் பிறந்தேன் என்றுதான் அவர்கள் வயதைச் சொன்னார்கள். 1930களில் முன்னாள் அடிமைகளிடம் பதிவுசெய்த வாக்குமூலங்களிலும் அந்த இரவு திரும்பத் திரும்ப வருகிறது. பவர்ஸ் பிறந்தபோது அந்தப் பேச்சு நான்கு வயதுக் குழந்தை. கேட்டே வளர்ந்திருப்பார். குளிர்நாளை அவர் 1895 பிப்ரவரி 10, வியாழன் என்கிறார்; நாட்காட்டியில் அது ஞாயிறு. நாட்காட்டியைப் பார்த்து எழுதிய வரலாறு இல்லை இது. நாள் பிசகலாம், மூச்சு உறைந்தது பிசகவில்லை.

இன்று கலைக்கூடங்களில் தொங்கும் குவில்ட்டுகளின் ஊற்றைக் கேட்டால் பலரும் தையல் நுட்பத்தின் வம்சாவளியைச் சொல்கிறார்கள். அந்த வம்சாவளி எனக்கும் முக்கியம்தான். ஆனால் நான் தேடியது கிடைத்த இடம், ஐந்து டாலருக்குக் குவில்ட்டை ஒப்படைக்க வந்த பவர்ஸ் கட்டம் கட்டமாக விளக்கம் சொன்ன அந்தச் சந்திப்பு. துணியின் விலையை வாங்குபவர் குறைக்க முடிந்தது. கதையை எப்படிச் சொல்வது என்பதைத் தைத்தவரே தீர்மானித்தார். ரிங்கோல்ட் குவில்ட்டின் மேல் தன் கையாலேயே கதையை எழுதியதை, அந்த உரிமையின் அடுத்த படியாகத்தான் நான் பார்க்கிறேன்.