மலைப்பள்ளியின் இரவுகள்

ஜவ்வாது மலையில் ஒன்றாம் வகுப்பிலேயே விடுதிக்கு வந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடும் ஓடையும் கிடக்கிற மலை இது. தினமும் நடந்து வந்து படித்துத் திரும்புவது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை. அதற்காகத்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை இங்கே உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. சோறு, சீருடை, புத்தகம், படுக்க இடம் எல்லாம் அரசுடையது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். அதை மனதார ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

பகலில் இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடுவார்கள், கூச்சல் போடுவார்கள், தட்டை ஏந்தி வரிசையில் நிற்பார்கள். இரவில்தான் வீடு நினைவுக்கு வரும். ஒரு தை மாதக் காலையில், பனி விலகாத நேரத்தில், மலைப்பள்ளி ஒன்றின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சமையல்கார அம்மா மூன்று பாய்களை அலசிச் சுவரில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். இரவில் நனைந்திருந்தது ஒன்றுதான். “ஒண்ண மட்டும் போட்டா யாரோடதுன்னு பசங்க கண்டுபிடிச்சுருவாங்க சார், அப்புறம் கேலி பேசியே கொன்னுருவாங்க” என்றார். புதிதாக வந்த பிள்ளைகள் சில மாதம் இப்படித்தான் இருப்பார்களாம். நடுராத்திரி ஒரு தடவை எழுப்பி வெளியே கூட்டிப் போய் வந்தால் மெல்லச் சரியாகிவிடுமாம். அதட்டினால் இன்னும் அதிகமாகுமாம். மருத்துவரிடம் கேட்டாலும் அதட்டக் கூடாது என்றுதான் சொல்வார்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. நல்ல சட்டம். ஆனால் அடிக்காமல் இருந்துவிட்டால் மட்டும் ஆறு வயதுக் குழந்தையின் பயம் தெளிந்துவிடாது. யாராவது ஒருவர் தூக்கத்தை விட்டு எழுந்து போகவேண்டியிருக்கிறது.

இதே மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் அரசவெளிப் பள்ளி ஆசிரியை மகாலட்சுமியைப் பற்றிப் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்பீர்கள். பிள்ளைகளுக்குத் தானே முடிவெட்டி விடுகிறவர் என்றால் சட்டென்று ஞாபகம் வரும். சிலர் இதை ஆசிரியரின் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது கற்பித்தலின் பகுதியாகவே படுகிறது. வாரக்கணக்கில் யாரும் தலையைத் தொடாத பிள்ளை, கத்தரிக்கோல் காதோரம் வரும்போது தோளை இறுக்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தோள் தளரும். அதன் பிறகு பேச ஆரம்பிக்கும். வீட்டில் என்ன நடக்கிறது, எந்த அண்ணன் அடிக்கிறான், அம்மா எப்போது வருவதாகச் சொன்னாள் என்றெல்லாம் தானாகவே கொட்டிவிடும். கரும்பலகை முன்னால் நின்று கேட்டால் இதில் ஒரு சொல்லும் வராது.

வீட்டில் நடப்பது சாதாரண விஷயமுமில்லை. சாமையும் பலாவும் புளியும் வருஷம் முழுக்கச் சோறு போடாததால், பெற்றோர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போய்விடுகிறார்கள். செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்குப் போனவர்களின் கதை இன்னும் கொடியது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். ஆந்திரச் சிறைகளில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வகுப்பில் பென்சிலை உடைக்கிறான், பக்கத்துப் பையனைக் கடிக்கிறான், திங்கட்கிழமை வரவேண்டியவன் வியாழக்கிழமை வருகிறான் என்றால், முதலில் அவன் வீட்டைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். தண்டனை கொடுத்தால் அவன் வராமலே போய்விடுவான். பதிவேட்டில் அது இடைநிற்றல் என்று ஒரு வரியாகிவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் அடையாளமே வேறு. அவர்கள் உடைப்பதில்லை, கடிப்பதில்லை. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று பேச்சு குறைந்துவிடும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்திருப்பார்கள். கலகலவென்று இருந்தவள் அமைதியாகிவிட்டாள், நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று நாம் நினைத்தால் அடுத்த லீவுக்குப் பிறகு அவள் வரமாட்டாள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-உம் புத்தகத்திலேயே அச்சாகி வருகிறது. சிக்னல் கிடைக்காத ஊரில், கையில் போன் இல்லாத பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த எண்களை எட்டுவது எளிதில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற டீச்சர்தான் கதி.

இதே மலையில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அந்தச் செய்தி வந்தபோது மலை முழுக்க எவ்வளவு சந்தோஷம்! அவர் பள்ளியில் படித்தது ஏலகிரி மலையில். கணவரும் தாயும் துணை நின்றதை எல்லோரும் எழுதினார்கள். அப்படித் துணை நிற்க வீட்டில் ஆளில்லாத பெண்ணுக்கு விடுதிதான் வீடு. அந்த வீட்டில் அவளைக் கவனிக்கப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

ஆனால் பல உறைவிடப் பள்ளிகளில் பகலில் பாடம் நடத்துகிற ஆசிரியரே விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் சுமக்கிறார். அரிசிக் கணக்கு, காய்கறிக் கணக்கு, வருகைப் பதிவு, பாடக் குறிப்பு எல்லாம் அவர் தலையில். இதற்கு மேல் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஏன் வாடியிருக்கிறாய் என்று கேட்க அவருக்கு எங்கே நேரம்? மனநல ஆலோசகரைச் சமவெளியிலிருந்து எப்போதாவது அழைத்து வந்து ஒருநாள் முகாம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்பின் தெரியாத ஆளிடம் மலைப் பிள்ளை வாய் திறக்காது. காப்பாளர் பணியைத் தனிப் பணியிடமாக்க வேண்டும். அதில் மலையிலேயே தங்கத் தயாராக இருக்கிற பெண்களை, முடிந்தால் இந்த ஊர்ப் பெண்களையே நியமிக்க வேண்டும். வாரம் ஒருநாள் திருப்பூரில் இருக்கிற அம்மாவோடு பத்து நிமிஷம் பேச விடுதிக்கு ஒரு போன் வேண்டும். ஆலோசகர் வரட்டும், ஆனால் வந்து அந்தக் காப்பாளருக்கும் சமையலருக்கும் முதலில் கற்றுக் கொடுக்கட்டும், அவர்களிடமிருந்தும் கேட்டுக்கொள்ளட்டும்.